கொன்வென்ட் வளவு: வன்னியில் கன்னியர் மடங்கள் வந்த கதையும் நின்ற கதையும்

இலங்கையின் வடக்கே வன்னியில் யாரிடமாவது "கொன்வென்ட் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் பெண்கள் பாடசாலையைக் காட்டுவார். இன்னொருவர் அதற்குப் பக்கத்து மதிலுக்குள் சிஸ்டர்மார் இருக்கும் வீட்டைக் காட்டுவார். வயதான அம்மா ஒருவராக இருந்தால் கோயில், கெபி, கிணறு, போர்டிங், மாமரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கையை ஒரு வட்டமாக வீசி, "உதெல்லாம் கொன்வென்ட் வளவுதானே பிள்ளை" என்பார். மூன்று பேரும் சொல்வது சரிதான். ஒரே சொல் மூன்று இடத்தைக் குறிப்பதற்குள் ஏறக்குறைய 150 வருட வரலாறு இருக்கிறது.

வவுனியாவின் இறம்பைக்குளத்துப் பாடசாலையின் அரசாங்கப் பெயர் இறம்பைக்குளம் மகளிர் மகா வித்தியாலயம். பெயர்ப்பலகையிலும் பரீட்சை அட்டையிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் பஸ்ஸில் ஏறி "கொன்வென்டடியில இறக்கிவிடுங்கோ" என்றால்தான் நடத்துனருக்கு உடனே விளங்கும். கிளிநொச்சியில் நிலைமை வேறு. அங்கே புனித திரேசா பெண்கள் கல்லூரி அரசாங்கப் பாடசாலையாக இருந்தும் புனிதையின் பெயரோடேயே நிற்கிறது. ஒரு இடத்தில் பெயர் மாறியும் பழக்கம் மாறவில்லை, மற்ற இடத்தில் நிர்வாகம் மாறியும் பெயர் மாறவில்லை. இது ஏன் என்று விளங்கவேண்டுமானால் சற்றுத் தூரம் பின்னால் போகவேண்டும்.

வன்னியில் கத்தோலிக்கம் மடங்களுக்கு மிக முந்தியது. 1544இல் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களைச் சங்கிலி மன்னன் கொன்றதும், 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்ததும் வன்னிக் கத்தோலிக்கர் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள், குருமாரைத் துரத்தினார்கள். மாந்தைப் பக்கத்துக் குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய், 1670 அளவில் மருதமடுவில் வைத்தார்கள் என்பது மடுக்கோயிலின் தொடக்கம். 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் வந்த யோசவ் வாஸ் அடிகளார் வடக்கின் இந்தச் சிதறிய மக்களைத் தேடித்தான் முதலில் நடந்தார். (2015 ஜனவரி 14 அன்று காலையில் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பின்னேரமே மடுவுக்கு வந்து இறங்கினார்.)

இந்த நீண்ட காலம் முழுவதும் கோயில் இருந்தது, கோயிலைப் பார்க்க மூப்பர் இருந்தார், செபம் சொல்லிக்கொடுக்க அண்ணாவியார் இருந்தார். வருடத்தில் ஒருமுறையோ இருமுறையோ சுவாமியார் வந்து பூசை வைத்துப் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். கன்னியர் மடம் என்று ஒன்று இருக்கவில்லை. இருந்திருக்கவும் முடியாது. ஒரு சுவாமியார் மாட்டுவண்டியிலோ குதிரையிலோ தனியே காடு கடந்து போகலாம். கன்னியர்களுக்கு அப்படியல்ல. அவர்கள் சிலராகச் சேர்ந்து ஒரே வீட்டில் வாழவேண்டும், நாளாந்தம் பூசை வேண்டும், பூசைக்குக் குரு ஒருவர் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். அதனால்தான் வன்னியில் எங்கே மடம் இருந்தாலும் அதற்குக் கூப்பிடு தூரத்தில் கோயிலும் சுவாமியாரின் அறைவீடும் இருக்கும்.

வடக்குக்கு முதலில் வந்த கன்னியர்கள் திருக்குடும்ப சபையினர். பிரான்சின் போர்தோ நகரில் 1820இல் பியேர் பியன்வெனு நோவாய் என்ற குரு தொடங்கிய சபை அது. 1858இல் இந்தச் சபை அமலமரித் தியாகிகள் என்ற குருமார் சபையோடு ஓர் உடன்படிக்கையால் இணைந்துகொண்டது. அமலமரித் தியாகிகள் அதற்குப் பதினொரு வருடத்துக்கு முன்பே, 1847இல், இலங்கைக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான ஆயர் செமேரியா ஆண்டகை யாழ்ப்பாணத்துக்குப் பொறுப்பாக இருந்தபோது பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கக் கன்னியரைக் கேட்டார். 1862இல் அவர்கள் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார்கள். பிரான்சில் போட்ட ஒரு கையெழுத்து நான்கு வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையாக நிமிர்ந்தது. அந்த மடத்தின் கிளைகளும், அங்கே படித்துக் கன்னியராகிய எங்கள் ஊர்ப் பெண்களும்தான் பின்னாட்களில் வன்னிக்குள் வந்தார்கள். பிற சபைகள் அதன் பிறகு வந்து சேர்ந்தன.

யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையில் ஒரு கடனீரேரிதான். ஆனால் மடங்கள் அதைக் கடக்கப் பல வருடம் எடுத்தன. காரணம் காய்ச்சல். வன்னியில் மலேரியா ஊர் ஊராகப் பிடித்து ஆட்களைக் குறைத்தது. குடிகள் குறைந்தால் பிள்ளைகள் இல்லை, பிள்ளைகள் இல்லாத இடத்தில் பாடசாலை இல்லை, பாடசாலை இல்லாத இடத்தில் படிப்பிக்கும் சபைக்கு வேலை இல்லை. 1905இல் யாழ்ப்பாணம் வரை ரயில் முழுமையாக ஓடத்தொடங்கியதும், இரணைமடுக் குளம் 1920இல் முடிந்ததும், 1930களில் கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றங்கள் தொடங்கியதும், 1940களின் பிற்பகுதியில் டி.டி.டி. தெளித்து நுளம்பு அடங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாக இந்தக் கணக்கை மாற்றின. வன்னியின் கன்னியர் மடங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பக்தியைப் பற்றி நிறையப் பேசுவார்கள். ரயில் பாதையையும் குளக்கட்டையும் நுளம்பையும் பேசாவிட்டால் அந்த வரலாறு பாதிதான்.

இனி வளவுக்குள் வருவோம். நான் படித்ததும் போர்டிங்கில் நின்றதும் அப்படியான ஒரு வளவில்தான். எது என்று சொல்லத் தேவையில்லை. வன்னியில் இதன் அமைப்பு எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வீதிப் பக்கம் பாடசாலை. அதன் வாசல் நேரே வீதிக்குத் திறக்கும். அதற்குப் பின்னால் மடம், மடத்துக்குள் சிற்றாலயம். ஒரு பக்கம் பங்குக் கோயிலும் அறைவீடும். பின்பக்கம் போர்டிங், குசினி, கிணற்றடி, தென்னை, மாட்டுத்தொழுவம். கொஞ்சம் தள்ளிச் சேமக்காலை, அதாவது இறந்தவர்களை அடக்கும் இடம். பாடசாலை ஏன் வீதிப் பக்கம்? அதற்கும் ஒரு காரணம் உண்டு. பிரித்தானியர் காலத்தில் மிஷன் பாடசாலைகள் 'உதவி பெறும் பாடசாலைகள்' என்ற முறையில் நடந்தன. கட்டடமும் நிலமும் மிஷனுடையது, படிப்புக்கு அரசாங்கம் நன்கொடை கொடுக்கும். அந்த முறை நிலைபெற வாதாடியவர்களில் முக்கியமானவர் செமேரியாவுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொறுப்பாக வந்த பொஞ்சீன் ஆண்டகை. மடுக்கோயிலின் புதிய கட்டடத்தை 1872இல் தொடக்கியவரும் அவர்தான். நன்கொடை வேண்டுமென்றால் பிள்ளைகளின் பெயர் எழுதிய இடாப்பு வேண்டும், வரவு வேண்டும், பரிசோதகர் வந்து பார்க்கவேண்டும். பரிசோதகர் மடத்துக்குள்ளால் நடந்து வகுப்பறைக்கு வரமுடியாது. ஆகவே பாடசாலைக்குத் தனி வாசல். கன்னியரின் தனிமையும் அரசாங்கத்தின் பணமும் ஒரே வளவில் சேர்ந்திருக்கக் கண்ட வழி அது.

அந்தப் பழைய கட்டடங்கள் எஞ்சிய இடங்களில் நின்று மேலே பாருங்கள். வளையும் கைமரமும் முதிரை அல்லது பாலை. இரண்டும் வன்னிக் காட்டு மரம், கறையானுக்கு இலேசில் மசியாதவை. கூரையில் கள்ளிக்கோட்டை ஓடு. சுவரைச் சுற்றி அகன்ற விறாந்தை. வெயிலுக்கும் மாரிக்கும் ஒதுங்கவென்று கட்டிய அந்த விறாந்தைகள் பின்னாளில் எத்தனை குடும்பம் படுத்தெழும்பும் இடமாகப் போகின்றன என்று கட்டினவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பிறகு 1960 வந்தது. இந்த வளவுகளின் வரலாற்றில் யுத்தத்துக்கு முன் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான். இன்றைய பிள்ளைகளுக்கு இதுபற்றி அநேகமாக ஒன்றும் தெரியாது.

1960 ஜூலையில் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம், கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூதின் காலத்தில், உதவி பெறும் பாடசாலைகளின் நிர்வாகத்தை அரசாங்கமே எடுக்கும் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1960 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்து 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் பாடசாலைகளின் நிலத்தையும் கட்டடத்தையும் அரசுடைமையாக்கியது. தனியார் பாடசாலையாக நிற்க விரும்பினால் நிற்கலாம் என்று ஒரு வழி விட்டிருந்தார்கள். ஆனால் அந்த வழி பெரிய தரப் பாடசாலைகளுக்குத்தான் திறந்திருந்தது. அவையும் நன்கொடை இல்லாமல், பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காமல் நடத்தவேண்டும். யாழ்ப்பாணத்தின் பெரிய கல்லூரிகள் சில பழைய மாணவர்களின் கையை நம்பி அந்த வழியில் போயின. வன்னியில் இருந்தவை பெரும்பாலும் சிறிய பாடசாலைகள். அவற்றுக்கு அந்தப் படலை முதலிலிருந்தே பூட்டித்தான் கிடந்தது.

நாட்டின் பல பாகங்களில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் போய் இரவு பகலாகக் குந்திக்கொண்டார்கள். பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமரசம் பேசி, 1961 ஜனவரியில் அந்தப் போராட்டம் முடிந்தது. அதன் பிறகு நில அளவையாளர் வந்தார். பாடசாலை எதுவரை, மடம் எதுவரை என்று கோடு கிழித்தார். சிற்றாலயமும் மடமும் சபையிடம் நின்றன. வகுப்பறையும் விளையாட்டு நிலமும் அரசிடம் போயின. அதுவரை ஒன்றாக இருந்த வளவுக்கு நடுவில் ஒரு வேலி வந்தது. முதலில் கிடுகு வேலி, பிறகு முட்கம்பி, பிறகு மதில். நடுவில் ஒரு சின்னப் படலை.

இந்தச் சட்டத்தை நான் வெறும் பறிப்பு என்று சொல்லமாட்டேன். மிஷன் பாடசாலைகளில் இடம் கிடைக்காத பிள்ளைகளும், சமயம் மாறினால்தான் உத்தியோகம் என்ற நெருக்கடியும் உண்மையாக இருந்தவை. சைவப் பெற்றோருக்கும் முஸ்லிம் பெற்றோருக்கும் இந்த மாற்றம் நியாயமாகவே பட்டது. ஆனால் வன்னியில் இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. நிலம் அரசுக்குப் போன பிறகும் சிஸ்டர்மார் படிப்பித்தலை விடவில்லை. அரசாங்க ஆசிரியர்களாக, சம்பளம் வாங்கி, அதே வகுப்பறைக்கு அதே படலையால் வந்து போனார்கள். சிலர் அரசாங்க நியமனத்தோடு அதிபராகவும் இருந்தார்கள். சம்பளம் மடத்துக்குப் போனது, மடத்திலிருந்து போர்டிங் பிள்ளைகளின் சோற்றுக்கு வந்தது. வேலி வந்தது நிலத்துக்குத்தான். ஊர் தொடர்ந்து முழுவதையும் கொன்வென்ட் என்றே சொன்னது. தொடக்கத்தில் சொன்ன மூன்று பதிலும் இங்கேதான் பிறந்தன.

போர்டிங் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏனென்றால் வன்னியில் மடத்தின் உயிர்நாடி அதுதான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கப் பாடசாலை இல்லாத கிராமங்கள் நிறைய. பஸ் இல்லை. மாரியில் பாதையே இல்லை. பெண் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பப் பெற்றோர் பயந்தார்கள். "சிஸ்டர்மாரோட நிண்டால் பயமில்லை" என்ற ஒரு வசனம் எத்தனை பெண்களை எட்டாம் வகுப்பு தாண்ட வைத்தது என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் என் வகுப்பில் இருந்தார்கள். சைவப் பிள்ளைகள் இருந்தார்கள். இரவு செபமாலை நேரத்தில் அவர்கள் பக்கத்தில் இருந்து புத்தகம் படிப்பார்கள், தைப்பொங்கலுக்குக் குசினியில் பொங்கல் இருக்கும். எங்கள் மதர் பொங்கும் பானையைப் பார்த்துக் கைதட்டுவார்.

யுத்தம் வந்தபோது சனம் முதலில் ஓடிய இடம் கோயிலும் கொன்வென்டும். ஏன் அங்கே? கடவுள் காப்பார் என்ற நம்பிக்கை ஒரு காரணம், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வளவு ஏற்கெனவே கூட்டத்துக்குக் கட்டிய வளவு. ஆழக் கிணறு இருந்தது. நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கும் கிடாரமும் பெரிய அடுப்பும் இருந்தன. நீண்ட விறாந்தை, நீண்ட மண்டபம், வரிசையாக மலசலகூடம். எல்லாவற்றுக்கும் மேலாக இடாப்பு எழுதித் தேர்ந்த பெண்கள் இருந்தார்கள். யார் வந்தது, எந்த ஊர், எத்தனை பிள்ளை, யாருக்குக் காய்ச்சல் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினால் கூட்டம் குடும்பங்களாகும். பாணும் பருப்பும் பங்கிட முடியும்.

1990இல் சண்டை மீண்டும் மூண்டபோது மடுக்கோயில் வளவில் ஐ.நா. அகதிகள் ஆணையம் திறந்த நிவாரண நிலையம் அமைத்தது. ஆயிரக்கணக்கானோர் மருத மர நிழலில் தறப்பாள் கட்டி வருடக்கணக்கில் இருந்தார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணக் குடாநாடு வெறுமையாகி, கிளாலிக் கடலால் வள்ளங்களில் சனம் வன்னிக்கு வந்து இறங்கியபோது பாடசாலைகளும் மடங்களும் ஒரே இரவில் நிரம்பின. மதிலில் இருந்த அந்தச் சின்னப் படலையை அந்த மாதங்களில் யாரும் சாத்தவே இல்லை. அரசாங்கப் பக்கம் எது, சபைப் பக்கம் எது என்று கேட்க ஆள் இல்லை. 1996இல் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தது. அங்கிருந்தவர்கள் இன்னும் உள்ளுக்குள் போனார்கள்.

அடைக்கலம் என்றால் எப்போதும் தப்பினார்கள் என்று பொருளில்லை. 1999 நவம்பரில் மடுக்கோயில் வளவில் ஷெல் விழுந்து, ஒதுங்கியிருந்தவர்களில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை மடுவை நெருங்கியபோது குருமார் மாதாவின் சுரூபத்தைத் தேவன்பிட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ 340 வருடத்துக்கு முன் மாந்தையிலிருந்து காட்டுக்குள் போனவர்களின் நடையை அது அப்படியே நினைவூட்டியது. ஓகஸ்டில் சுரூபம் திரும்பி வந்தது. சனத்துக்கு அப்படித் திரும்ப வழி இருக்கவில்லை. 2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி மறுபடியும் இராணுவத்திடம் வீழ்ந்த பிறகு குருமாரும் கன்னியரும் சனத்தோடு சனமாகக் கிழக்கே நகர்ந்தார்கள். புதுக்குடியிருப்பு, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். அங்கே கட்டடமே இல்லாத மடங்கள் இருந்தன. ஒரு தறப்பாள், ஒரு பங்கர், ஒரு கஞ்சிப் பானை.

இந்தப் பயணத்தில் தொலைந்தவற்றில் ஒன்றைப் பற்றி நான் இப்போதும் வருந்துகிறேன். மிஷன் வீடுகளிலும் மடங்களிலும் நாளாந்தக் குறிப்பேடு எழுதும் வழக்கம் இருந்தது. எந்த நாள் மழை, எந்த நாள் காய்ச்சல், யார் வந்தார், எந்தச் சுவர் கட்டினோம் என்று வருடக்கணக்கில் எழுதியவை. அவற்றோடு திருமுழுக்கு, திருமணம், அடக்கம் எழுதிய பதிவேடுகள். வன்னியில் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எரிந்துபோன எத்தனையோ பேருக்குத் திருமுழுக்குப் பதிவுதான் தான் யார் என்று காட்டும் ஒரே தாளாக இருந்தது. சில ஏடுகள் சுற்றிக் கட்டிக் கொண்டுபோய்க் காப்பாற்றப்பட்டன. பல போயின. ஆகவே எங்கள் மடங்களின் வரலாற்றை எழுத வருகிறவர் தாளை நம்பி வந்தால் வெறுங்கையோடுதான் போவார். நிலத்தைப் பார்க்கவேண்டும், ஆட்களைக் கேட்கவேண்டும். எந்த மதில் புதியது, எந்தக் கிணறு பழையது, சேமக்காலையின் எந்த மூலையில் பெயர் இல்லாத குழிகள் இருக்கின்றன, பாடசாலைச் சுவரில் எந்த உயரம் வரை பூச்சு வேறு நிறம். போர்டிங்கில் நின்ற அக்காமார் இப்போது அம்மம்மாமார். அவர்களுக்கு எந்த இடத்தில் எந்த மரம் நின்றது என்பது வரை நினைவிருக்கிறது.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு மடங்களின் வேலையும் மாறியிருக்கிறது. யுத்தம் முடிந்து சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது ஊருக்குத் திரும்பிய குடும்பங்களில் பல கணவன் இல்லாதவை, காணாமற் போனவரை இன்னும் தேடுபவை. போர்டிங்காக இருந்த இடங்களில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் வளர்ந்தார்கள். தையல், முன்பள்ளி, வெறுமனே இருந்து கதை கேட்பது, இவையே பெரிய வேலை. கன்னியராகச் சேரும் பெண்களின் தொகை முந்தி மாதிரி இல்லை. ஒரு காலத்தில் பத்துப் பேர் இருந்த மடத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி. நிர்வாக ரீதியாகப் பார்த்தால் வன்னி இரண்டு மறைமாவட்டங்களுக்குள் கிடக்கிறது: கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாணத்தோடு, வவுனியா 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டத்தோடு. அதனால் ஒரே சபையின் மடங்களானாலும் அவற்றின் கதை இரண்டு இடத்தில் சிதறிக் கிடக்கிறது.

கடந்த மாரிக்கு என் பழைய வளவுக்குப் போனேன். பழைய மண்டபம் இல்லை, அந்த இடத்தில் இரண்டு மாடிக் கட்டடம். விறாந்தை இல்லை. மாமரம் பாதி எரிந்தும் பாதி துளிர்த்தும் நிற்கிறது. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிக் கட்டு உயர்த்தியிருக்கிறார்கள், தண்ணீர் அதே ருசி. மதில் புதிது, ஆனால் கட்டும்போது அந்தச் சின்னப் படலைக்கு இடம் விட்டே கட்டியிருக்கிறார்கள். காலையில் ஏழு மணிக்குச் சிஸ்டர் ஒருவர் இடாப்போடும் குடையோடும் அதால் பாடசாலைக்குள் போனார். ஒன்றரைக்கு மணி அடித்ததும் திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு நாலைந்து பிள்ளைகள், கிணற்றடிக்கு.